தோளுக்காக விட்ட புகை

சுவர் அடிக்க எத்தனையோ பேர் கிடைப்பார்கள். சீலிங் அடிக்கத்தான் ஆள் வேண்டும். அண்ணாந்த கழுத்து அண்ணாந்தபடியே இருக்க, நீளக் கம்பில் மாட்டிய ரோலரை ஒரே சீராக இழுத்து, கீழே ஒரு சொட்டு விழாமல், மேலே ஒரு கோடு தெரியாமல் முடித்துவிட்டு இறங்குகிற கை எல்லோருக்கும் வாய்க்காது. பெயிண்டருக்கு வாய்த்தது. முப்பத்தைந்து வருஷம் அந்த வலது கையை வைத்துத்தான் பெண்ணைப் படிக்க வைத்தார், கட்டிக் கொடுத்தார், யாரிடமும் தலை குனியாமல் குடும்பம் நடத்தினார். இதைப் பெருமையடிக்கிறதாக நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். பெருமைதான்.

வேலை இடத்தில் அவருக்கு இன்னொரு பெயர் உண்டு: புகைவண்டி. வைத்தவன் ஏணி. ஏணி என்பதும் பட்டப்பெயர்தான். ஆறடிக்கு மேல் வளர்ந்த கூட்டாளி, இருபது வருஷமாக இவரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்கிறவன். இவர் பற்றவைத்ததும், "வண்டி கெளம்பிருச்சு, எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று விசில் அடிப்பான். அவனும் பிடிக்கிறவன்தான். ஆனால் இவர் ஒரு பெட்டி முடிக்கிற நேரத்தில் அவன் இரண்டு சிகரெட்டைத் தாண்ட மாட்டான்.

பெயிண்டர் சும்மா பொழுது போகாமல் பிடித்த புகை இல்லை அது. வேலைக்குள்ளேயே கலந்து போன புகை. கையெல்லாம் சுவரை வழவழப்பாக்கப் பூசுகிற பட்டிமாவு, போனை எடுக்க முடியாது. வாட்ச் கட்டினால் ஒரே வாரத்தில் கண்ணாடி வெள்ளையாகிவிடும். அதனால் காலி டப்பாவின் மூடி ஒன்றை அறை மூலையில் வைத்துக்கொள்வார். ஒரு சுவர் பூசி முடித்தால் ஒரு சிகரெட், துண்டு மூடிக்குள். இன்னொரு சுவர், இன்னொரு துண்டு. மூடியில் ஆறு துண்டு சேர்ந்தால் முதல் சுவர் காய்ந்துவிட்டது என்று கணக்கு. மழை நாளாக இருந்தால் எட்டு. எழுந்து போய்த் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார். மூடியைப் பார்ப்பார், உப்புத்தாளை எடுப்பார், தேய்க்க ஆரம்பிப்பார். ஒரு நாளும் தப்பியதில்லை. தொழிலில் கடிகாரமே புகையாக இருந்தவரைப் போய், "விட்டுத் தொலையேன்" என்று சொல்வது சுலபம். சொன்னவர்கள் யாரும் சாரத்தில் ஏறி நின்றவர்கள் இல்லை.

தோள் இரண்டு வருஷமாகவே முணுமுணுத்துக்கொண்டிருந்தது. இவர் தைலத்தைத் தேய்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். ஒரு நாள் காலை, ஒரு பல் டாக்டர் வீட்டு ஹாலில், பாதி சீலிங்கில் ரோலரைத் திருப்பும்போது தோளுக்குள்ளே துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அவருக்கு மட்டும் கேட்ட சத்தம். கை அப்படியே கீழே விழுந்தது. கம்பும் ரோலரும் சோபாவின் மேல் மூடியிருந்த பிளாஸ்டிக்கில் விழுந்து புரண்டன. அன்றைக்குத்தான் அவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் வீட்டில் பெயிண்ட் சிந்தியது. வலியைவிட அதுதான் அவருக்கு வலித்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் தோளுக்கென்றே ஒரு டாக்டர் இருந்தார், பெண் டாக்டர், பெயிண்டரின் நெஞ்சு உயரம்தான் இருப்பார். படத்தை விளக்கில் மாட்டிவிட்டு விரலால் காட்டினார்.

"இது உங்க தோள் எலும்பு. இது அதைப் பிடிச்சு இழுக்கிற கயிறு. தசைநாண்னு சொல்லுவோம். இங்க பாருங்க, கிழிஞ்சு போய் நிக்குது."

"தைச்சிடலாமா டாக்டர்?"

"தைக்கலாம். எலும்புல ஆணி மாதிரி வெச்சுக் கட்டிடுவேன். ஆனா கட்டுறது மட்டும்தான் என் வேலை. அது ஒட்டணும். ஒட்ட வைக்கிறது உங்க ரத்தம். நீங்க ஒரு நாளைக்கு எத்தனை பிடிக்கிறீங்க?"

பெயிண்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி திரைச்சீலை தைக்கிறவள், வீட்டிலேயே மிஷின். ஆஸ்பத்திரி ஜன்னலில் தொங்கிய திரையின் மடிப்பைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், இப்போது நேராகத் திரும்பினாள்.

"பத்துப் பன்னெண்டு இருக்கும்," என்றார் பெயிண்டர்.

"டாக்டர், அதை ரெண்டால பெருக்கிக்கோங்க," என்றாள் மனைவி.

டாக்டர் சிரிக்கவில்லை. "ஏழு வாரம் கழிச்சு தேதி தர்றேன். குறைஞ்சது கடைசி நாலு வாரமாவது சுத்தமா விட்டிருக்கணும். ஆறு வாரம்னா இன்னும் நல்லது. ஆபரேஷன் அன்னைக்குக் காலைல டெஸ்ட் எடுப்போம். அதுல தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுவேன்."

"அப்புறம் வேற தேதி..."

"வேற தேதிக்கு ஆறு மாசம் ஆகும். அதுக்குள்ள அந்தக் கயிறு உள்ள சுருங்கிப் போயிடும். அப்புறம் தைக்கிறதுக்கு இழுத்தா வராது. கை இடுப்பு வரைக்கும் வரும், நெஞ்சு வரைக்கும் வரும். தலைக்கு மேல போகாது."

தலைக்கு மேல் போகாத கையை வைத்துக்கொண்டு சீலிங் அடிக்கிறவர் என்ன செய்வார்? பெயிண்டர் வெளியே வந்து, பையில் இருந்த பெட்டியை எடுத்து மனைவி கையில் கொடுத்தார். பெட்டியில் ஏழு இருந்தன. அவள் அதை அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டாள். அவர் அந்தத் தொட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளை வந்தான். நல்ல பையன், போன் கடை வைத்திருக்கிறான், மாமனார் மேல் உயிர். பேனா மாதிரி ஒன்றை எடுத்து நீட்டினான்.

"மாமா, சிகரெட்டுதானே கூடாதுன்னாங்க? இது வேப்பு. இதுல நெருப்பு இல்ல, சாம்பல் இல்ல, தார் இல்ல. வெறும் ஆவி. தர்பூசணி வாசனை."

"ஆவியா?"

"கெட்டில்ல வர்ற மாதிரிதான் மாமா."

பெயிண்டர் ஓர் இழுப்பு இழுத்தார். மூன்று நாள் வறண்டு கிடந்த நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது. தலைவலி போன இடம் தெரியவில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும், வெறும் ஆவிக்குத் தலைவலி போகுமா என்று. யோசிக்கவில்லை. யாராக இருந்தாலும் யோசித்திருக்க மாட்டார்கள். தாகத்தில் இருக்கிறவன் தண்ணீர் எந்தக் குழாயில் வருகிறது என்று பார்ப்பானா?

அதிலிருந்து கிட்டத்தட்ட மூன்று வாரத்துக்கு வீடு பழக்கடை மாதிரி மணத்தது. "தலையணையைக் கடிச்சா சாறு வரும் போல இருக்கு," என்றாள் மனைவி. ஆனாலும் சிகரெட் இல்லையே என்று அவளுக்கும் நிம்மதி. ஏணியிடம் பெயிண்டர் மார் தட்டிக்கொண்டார்: "பார்த்தியாடா? நெனைச்சா நெனைச்சதுதான்." ஏணி அந்தப் பேனாவை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "வண்டி இப்ப டீசல்லயிருந்து கரண்டுக்கு மாறிடுச்சு," என்றான்.

மூன்றாம் வாரக் கடைசியில் ஆஸ்பத்திரியில் கூப்பிட்டிருந்தார்கள். நர்ஸ் ஒருவர், ஐம்பது வயது இருக்கும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பேசுகிறவர். கையடக்க மிஷின் ஒன்றைக் கொடுத்து ஊதச் சொன்னார். பெயிண்டர் கண் பிதுங்க ஊதினார். மிஷினில் மூன்று என்று எண் வந்தது.

"அட! மூணுதான் காட்டுது. புகை பிடிக்கிறவங்களுக்கு இருபது, முப்பதுன்னு ஓடும். நெஜமாவே விட்டுட்டீங்களே!"

"விட்டாச்சு சிஸ்டர். ஒண்ணுகூடக் கிடையாது. எல்லாம் இது செஞ்ச உதவி." பையிலிருந்து பேனாவை எடுத்து, பதக்கம் காட்டுகிற மாதிரிக் காட்டினார்.

நர்ஸ் நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். பேனாவை வாங்கிப் பார்த்தார். பெயிண்டரைப் பார்த்தார். மறுபடி பேனாவைப் பார்த்தார்.

"இது எத்தனை நாளா?"

"மூணு வாரமா. வெறும் ஆவி சிஸ்டர்."

"யார் சொன்னா?"

"மாப்பிள்ளை."

"மாப்பிள்ளை டாக்டரா?"

"போன் கடை."

"அப்ப போனைப் பத்திக் கேட்கும்போது அவரைக் கேளுங்க. இதுக்குள்ள நிக்கோட்டின் இருக்கு. சிகரெட்டுல எந்தச் சரக்குக்காக நீங்க அலைஞ்சீங்களோ அதே சரக்கு. அது ரத்தக் குழாயைச் சுருக்கும். ரத்தம் போகாத எடத்துல கயிறு எப்படி ஒட்டும்? இந்த மிஷின் புகையைத்தான் கண்டுபிடிக்கும், அதனாலதான் மூணு காட்டுது. ஆபரேஷன் அன்னைக்கு நாங்க பார்க்கப் போறது மூத்திரத்துல. அதுல நீங்க இந்த ஆவியைப் பிடிச்சாலும் மாட்டுவீங்க."

பெயிண்டர் முகத்தில் ஈயாடவில்லை. மூன்று வாரமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த பெருமை, ஒரே நிமிஷத்தில் காற்று போன டயர் மாதிரி ஆகிவிட்டது. இவர் அதைக் காட்டாமலே இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆபரேஷன் அன்று காலை திருப்பி அனுப்பியிருப்பார்கள். அவர் வெள்ளந்தியாக எடுத்துக் காட்டியதுதான் அவரைக் காப்பாற்றியது. இதை யாரும் முட்டாள்தனம் என்று சொல்லக்கூடாது.

"இன்னும் எத்தனை நாள் இருக்கு சிஸ்டர்?"

நர்ஸ் காலண்டரைப் பார்த்தார். "சரியா இருபத்தெட்டு. டாக்டர் சொன்ன நாலு வாரம். இன்னைக்கே விட்டா தேதி நிக்கும். நாளைக்கு விட்டா நிக்காது."

"பேட்ச், சூயிங்கம்னு ஏதோ குடுப்பாங்களாமே?"

"அதுலயும் அதே சரக்குதான். மத்தவங்களுக்குக் குடுக்கிறோம், நல்லா உதவும். ஆனா இந்த ஆபரேஷனுக்கு உங்க டாக்டர் அதுவும் வேண்டாம்னு எழுதியிருக்காங்க. நீங்க வெறுங்கையோடதான் சண்டை போடணும். முடியலைன்னா போன் பண்ணுங்க. திட்டறதுக்காவது நான் இருக்கேன்."

பேனாவை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

முதல் மூன்று நாளைப் பற்றி மனைவியைத்தான் கேட்க வேண்டும். மிஷின் சத்தம் காதைத் துளைக்கிறது என்றார். மிஷினை நிறுத்தினால், வீடு ஏன் இப்படி எழவு வீடு மாதிரி இருக்கிறது என்றார். சாப்பாட்டில் உப்பு இல்லை என்றார். போட்டால் கரிக்கிறது என்றார். தலை வலித்தது, தூக்கம் வரவில்லை, கை எங்கே போவது என்று தெரியாமல் சட்டைப் பைக்கும் உதட்டுக்கும் நடுவே அலைந்தது. நாற்காலியை நகர்த்தியதற்காக அவர் கத்தியபோது அவள் தையலை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சிகரெட்டை விட்டது நீங்க. புகையிறது நானா?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. அதற்குப் பிறகு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள்: கத்த வேண்டும் போல இருந்தால் அவர் வெளியே போய்த் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வர வேண்டும். முதல் நாள் பதினோராவது சுற்றில் எதிர் வீட்டுக்காரர், "என்னங்க, எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க, கெடைச்சிடக் கூடாதேன்னுதான் சுத்துறேன்," என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டாவது சுற்றுக்குப் போனார்.

மகள் தினமும் சாயங்காலம் போன் செய்வாள். நீளமாகப் பேச மாட்டாள். "அப்பா, இன்னைக்கு?" "இல்லம்மா." அவ்வளவுதான், வைத்துவிடுவாள். மாப்பிள்ளை மட்டும் ஒரு வாரம் போனுக்கே வரவில்லை, வெட்கம். கடைசியில் பெயிண்டரே கூப்பிட்டு, "மாப்பிள்ளை, என் போன் சார்ஜ் நிக்க மாட்டேங்குது, அதையாவது சரியா சொல்லுங்க," என்றார்.

வேலைக்கு அவர் போய்க்கொண்டுதான் இருந்தார். சீலிங்கை ஏணியிடம் விட்டுவிட்டு, இடது கையால் கீழ்ச்சுவர் வேலை பார்த்தார். எட்டாம் நாள் அது நடந்தது. ஒரு டீச்சர் வீட்டுப் படுக்கையறை. முதல் கை பட்டி பூசி முடித்துவிட்டு மூலையில் மூடியைப் பார்த்தார். மூடி காலி. ஒரு துண்டும் இல்லை. வெறும் மூடியில் மணி பார்க்க முடியுமா? சும்மா நிற்கவும் முடியவில்லை, கை பரபரக்கிறது. ரொம்ப நேரம் ஆகிவிட்ட மாதிரிதான் அவருக்கு இருந்தது. சிகரெட் இல்லாதவனுக்கு அரை மணி நேரம் அரை நாள். உப்புத்தாளை எடுத்து ஓங்கித் தேய்த்தார். பட்டி, பிசைந்த மாவு மாதிரிச் சுருண்டு உரிந்து வந்தது. பாதிச் சுவர் போய்விட்டது.

டீச்சர் வாசலில் வந்து நின்றார். "என்ன பெயிண்டர், உங்களுக்கா இப்படி?"

முப்பத்தைந்து வருஷத்தில் அந்தக் கேள்வியை அவர் கேட்டதே இல்லை. ஏணி மெதுவாகப் பக்கத்தில் வந்தான். பெட்டியைத் திறந்து நீட்டினான். கேலியாக இல்லை, நிஜமான பாசத்தோடுதான்.

"அண்ணே, ஒரு இழுப்பு. மனசு நிதானத்துக்கு வரும். யாருக்குத் தெரியப் போகுது?"

"மூத்திரத்துக்குத் தெரியும்டா."

ஏணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. பெயிண்டர் சிரிக்கவில்லை. உரிந்ததை எல்லாம் சுரண்டி எடுத்தார். மறுபடி பூசினார். இந்தத் தடவை காய்கிறதா என்று பார்க்கச் சுவரிடமே போனார். புறங்கையை வைத்தார். ஈரம் இருந்தால் சில்லென்று இருக்கும், காய்ந்தால் வெதுவெதுப்பாகும். புறங்கைத் தோல் தடித்துப் போயிருந்ததால் சந்தேகமாக இருந்தது. கன்னத்தை வைத்தார். சீலிங்கை அண்ணாந்து பார்த்தே பழகிய மனிதர், சுவரில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். டீச்சர் வீட்டுச் சுவர் அன்று சாயங்காலத்துக்குள் கண்ணாடி மாதிரி ஆனது. ஏணி தன் பெட்டியோடு கீழே இறங்கிப் போய்த் தெருவில் நின்றுதான் பிடித்தான். அதிலிருந்து இவர் முன்னால் அவன் பற்றவைத்ததே இல்லை. கேட்டால், "அண்ணன் மொறைக்கிறாரு," என்பான். இவர் முறைத்ததே இல்லை.

பதினெட்டாம் நாளோ பத்தொன்பதோ, இன்னொரு அதிசயம். ஒரு வீட்டில் புதிதாகக் கட்டிய சமையலறை, சுவர் நன்றாகக் காய்ந்து வெள்ளை வெளேரென்று இருந்தது. உள்ளே நுழைந்ததும் பெயிண்டர் நின்றார். "இங்க எங்கயோ ஈரம் இருக்கு," என்றார். வீட்டுக்காரர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஏணியும் தடவினான். "இல்லண்ணே." "மூக்குக்குத் தெரியுதுடா. ஊறின சிமென்ட் வாசனை." முழங்கால் உயரத்தில் ஓரிடத்தைக் காட்டித் தட்டச் சொன்னார். பிளம்பரைக் கூப்பிட்டு உடைத்துப் பார்த்தால் உள்ளே குழாய் மூட்டில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அதன்மேல் பெயிண்ட் அடித்திருந்தால் மூன்று மாதத்தில் மொத்தமும் கொப்பளித்திருக்கும். முப்பத்தைந்து வருஷம் புகைக்குப் பின்னால் கிடந்த மூக்கு, பதினெட்டே நாளில் எழுந்து வந்து வேலைக்குச் சேர்ந்துவிட்டது. அன்று வீட்டுக்கு வந்து மனைவி தலையை முகர்ந்து பார்த்து, "நீ சோப்பு மாத்தியிருக்கியா?" என்று கேட்டார். "நாலு வருஷமா இதே சோப்புதாங்க," என்றாள் அவள்.

இருபத்தெட்டும் கழிந்தது. ஆபரேஷன் அன்று காலை வெறும் வயிற்றோடு போய், நர்ஸ் கொடுத்த குப்பியில் மூத்திரம் பிடித்துக் கொடுத்தார். நர்ஸ் ஒரு டெஸ்ட் பட்டையை அதில் நனைத்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பெயிண்டருக்கு அந்த ஐந்து நிமிஷம் இருபத்தெட்டு நாளைவிட நீளம். மாப்பிள்ளை பேனாவின் மிச்சம் ரத்தத்தின் ஏதாவது மூலையில் ஒளிந்திருந்தால்?

"சுத்தம்," என்றார் நர்ஸ். "துடைச்சு வெச்ச மாதிரி."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கண்ணுல தூசி," என்றாள். பச்சை அங்கி போட்டுவிட்டார்கள். தோளில் பேனாவால் அம்புக்குறி வரைந்தார்கள். படுக்கையில் ஏற்றி நடைபாதை வரை தள்ளிக்கொண்டும் வந்துவிட்டார்கள். அப்போது ஆம்புலன்ஸ் ஒன்றின் பின் ஒன்றாக மூன்று வந்து நின்றன. நெடுஞ்சாலையில் பஸ் கவிழ்ந்திருந்தது. கையும் காலும் முறிந்தவர்கள். டாக்டர் கையுறையோடு ஓடி வந்தார், படுக்கை அருகில் ஒரு நொடி நின்றார்.

"இன்னைக்கு முடியாதுங்க. பன்னெண்டு நாள் கழிச்சு ஒரு எடம் இருக்கு. அதை உங்களுக்குத்தான் எழுதச் சொல்லியிருக்கேன். பன்னெண்டு நாளுல ஒண்ணும் கெட்டுப் போகாது. நீங்க மட்டும் கெட்டுப் போயிடாதீங்க."

யாரைக் குறை சொல்ல முடியும்? அங்கியைக் கழற்றிச் சட்டையை மாட்டிக்கொண்டார். காகிதங்களை வாங்க மனைவி உள்ளே போனாள். பெயிண்டர் வாசலுக்கு வந்தார்.

வண்டிகள் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் ஆறேழு பேர் நின்று புகைத்துக்கொண்டிருந்தார்கள். காலில் கட்டுப் போட்ட ஒருவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றார். பெயிண்டரின் முகத்தைப் பார்த்ததும் கேட்காமலே பெட்டியை நீட்டினார்.

"உள்ள யாராச்சும் சீரியஸாங்க?"

"இல்ல. எனக்குத்தான். இன்னைக்கு இல்லைன்னுட்டாங்க."

"அட. அப்ப பிடிங்க."

பெயிண்டர் ஒன்றை உருவிக்கொண்டார். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, உருவிக்கொண்டார். விரலுக்கு நடுவே அது வந்து உட்கார்ந்த விதமே சொந்த வீட்டுக்குத் திரும்பிய மாதிரி இருந்தது. டெஸ்ட் முடிந்துவிட்டது. சுத்தம் என்று எழுதியாகிவிட்டது. இனிமேல் எடுப்பார்களோ மாட்டார்களோ. ஒன்றே ஒன்று. பன்னிரண்டு நாளில் உடம்பே மறந்துவிடும். பேனா தந்த மாப்பிள்ளை மேல் இல்லாத கோபம், கவிழ்ந்த பஸ் மேல் வந்தது. கட்டுப்போட்டவர் தீக்குச்சியை உரசி, கைக்குள் சுடரை மூடி நீட்டினார்.

அந்தச் சுடரைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாரோ. தீக்குச்சி எரிந்து விரலைச் சுட்டதும் அந்த ஆள் உதறிக்கொண்டு, "என்னங்க, பிடிப்பீங்களா மாட்டீங்களா?" என்றார்.

"உங்க கால் எப்ப ஒடைஞ்சது?"

"அஞ்சு மாசம் ஆச்சு."

"இன்னும் கட்டு அவிழ்க்கலையா?"

"ஒட்ட மாட்டேங்குதாம்." அவர் புகையை விட்டுக்கொண்டே சொன்னார். "ஏன்னு தெரியல."

பெயிண்டருக்குத் தெரிந்தது. கையில் இருந்ததை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். "ஏன்னு உள்ள ஒரு நர்ஸ் இருக்காங்க, நெத்தியில கண்ணாடி வெச்சிருப்பாங்க, அவங்களைக் கேளுங்க. கொஞ்சம் திட்டுவாங்க. ஆனா சொல்லுவாங்க," என்றார்.

திரும்பினால் மனைவி காகிதங்களோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"கையில வாங்கினேன். வாய்க்குப் போகலை," என்றார்.

அவள் கிட்டே வந்தாள், அவர் சட்டையை முகர்ந்தாள், விரலை முகர்ந்தாள். "சரி, வாங்க," என்றாள். பஸ்ஸில் ஜன்னல் ஓர இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தாள். அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்காத இடம் அது.

பன்னிரண்டு நாள் கழித்துப் போனபோது நர்ஸ், "ஏற்கனவே எடுத்தாச்சே, இன்னொரு டெஸ்ட் கட்டாயமில்லை," என்றார். பெயிண்டர் விடவில்லை. குப்பியைக் கேட்டு வாங்கினார். பட்டையை வெளிச்சத்தில் பிடித்து அவரே பார்த்தார். "எழுதுங்க சிஸ்டர். நாப்பது நாள்னு எழுதுங்க." நர்ஸ் எழுதினார், பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டார். அந்த நட்சத்திரம் எந்த ஆஸ்பத்திரி விதியிலும் கிடையாது.

மயக்கம் கொடுக்க வந்த டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "முப்பத்தஞ்சு வருஷம் பிடிச்ச ஆளா இவரு?" என்று காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். ஆபரேஷன் இரண்டு மணி நேரம். இருமல் இல்லை, சளி இல்லை, காயம் ஒரு சொட்டுச் சீழ் வைக்கவில்லை. ஆறு வாரம் கையைத் தொட்டிலில் போட்ட குழந்தை மாதிரிக் கட்டிக்கொண்டு திரிந்தார். மனைவிதான் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள், தலை வாரிவிட்டாள். பிறகு பயிற்சி. சுவரில் விரலை வைத்து, எறும்பு ஏறுகிற மாதிரி ஒவ்வொரு விரலாக மேலே ஏற்ற வேண்டும். எங்கே நிற்கிறதோ அங்கே மனைவி பென்சிலால் கோடு போடுவாள். இடுப்பு, மார்பு, தோள். தோளுக்கு மேல் மூன்று வாரம் ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. அப்போதும் பக்கத்து வீட்டிலிருந்து புகை வாசனை வரும். ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடி விரலை வைப்பார். அந்த மூன்று வாரத்தை யாரும் டெஸ்ட் எடுக்கவில்லை, யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் இங்கே சொல்கிறது.

ஐந்தாம் மாதம் மறுபடி ஸ்கேன். டாக்டர் புதுப் படத்தை விளக்கில் மாட்டினார். நர்ஸும் வந்து எட்டிப் பார்த்தார். டாக்டர் பழைய படத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மனைவி அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கயிறு எங்க முடியுது, எலும்பு எங்க ஆரம்பிக்குதுன்னு எனக்கே தெரியலை," என்றார் டாக்டர். "அப்படி ஒட்டியிருக்கு. எங்க, தூக்குங்க பார்ப்போம்."

பெயிண்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். வலது கையை மெல்லத் தூக்கினார். இடுப்பு, மார்பு, தோள். கை நிற்கவில்லை. காது வரை வந்தது. காதைத் தாண்டியது. முழங்கை நேரானது. விரல்கள் ஐந்தும் விரிந்து, சீலிங்கைப் பார்த்து, தலைக்கு மேலே நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றன. நர்ஸ் கை தட்டினார். மனைவிக்கு மறுபடி கண்ணில் தூசி விழுந்தது.

அவர் கையை இறக்கவில்லை. அண்ணாந்தபடியே நின்று கண்ணைச் சுருக்கி எதையோ பார்த்தார்.

"வலிக்குதா?" என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டர். இந்த சீலிங்கை யார் அடிச்சது? கோடு கோடா தெரியுது. ஞாயித்துக்கிழமை ரூம் சும்மாதானே இருக்கும்? நான் வந்து அடிச்சுத் தர்றேன்."